பட்டர் கேக்கில வெட்டின பிரான்ஸ்

ஒரு பட்டர் கேக்கை வெட்டிப் பழைய பிரான்ஸை விளங்கப்படுத்த வெளிக்கிட்ட மடையன் உலகத்தில நான் ஒராளாத்தான் இருப்பன். கேக் என்ர இல்லை. சொன்ன விசயமும் என்ர இல்லை. கத்தி மட்டும் என்ர. அதையும் மனுசியிட்டச் சொல்லாமல் குசினியில இருந்து எடுத்துக்கொண்டு போனனான்.

ரண்டாயிரத்து ஒன்பது, தை மாதம். நாங்கள் கத்தோலிக்கச் சனம், சேர்ச்சையும் கோயில் எண்டுதான் சொல்லுவம். மாதத்தில ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தமிழில பூசை இருக்கும். பூசை முடியக் கோயில் ஹோலில தேத்தண்ணியும் ரோல்ஸும். அதுக்குப் பிறகு ஆராவது எழும்பி ஒரு விசயத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசவேணும் எண்டு பாதர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். முதல் மாதம் ஒராள் சலரோகத்தைப் பற்றி, அதுதான் சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசினவர். சனம் உருகிப்போய்க் கேட்டது, கேட்டுக்கொண்டே ஆளுக்கு ரண்டு துண்டு கேக் சாப்பிட்டது. அடுத்த முறை என்ர முறை.

"பாரிசில பதினாலு வருசம் இருந்த மனுசன். பழைய பிரான்ஸைப் பற்றி, அந்தப் புதுச் சிந்தனையளைப் பற்றிச் சொல்லட்டும்," எண்டு பாதர் எல்லாருக்கும் முன்னால அறிவிச்சுப்போட்டார்.

உண்மையைச் சொன்னா, பிரான்ஸைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது அந்த நாட்டுச் சனம் பிளேட்டில எதை மிச்சம் விடும் எண்டது மட்டும்தான். பதினாலு வருசமும் நான் ரெஸ்ரோறண்டில பிளேட் கழுவினனான். பக்கத்துத் தொட்டியில கழுவினவன்தான் என்ர கூட்டாளி. அவனும் நானும் ஒரே ஊர். பாரிசில ஒரே அறை, ஒரே சட்டி, ஒரே மெத்தை. மெத்தையில ஆள் மாறி ஆள் படுக்கிறது. வேலை இல்லாத நேரம் நான் நித்திரை கொள்ளுவன், அவன் பக்கத்தில இருந்த லைப்ரரிக்குப் போவான். முதலில குளிருக்குத்தான் போனவன். அங்க ஹீட்டர் நல்லா வேலை செய்யும். பேந்து எங்க போனாலும் கையில ஒரு புத்தகம். தொட்டியில கையை விட்டுக்கொண்டு, ராசாவின்ர கதை, குருமாரின்ர கதை எல்லாம் அவன் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டு கழுவுவன். என்ர படிப்பு அவ்வளவுதான்.

பிள்ளையள் இங்கிலிசில படிக்கவேணும் எண்டு ரண்டு குடும்பமும் லண்டனுக்கு வந்தது. நான் நோர்பரியில ஒரு பெற்றோல் ஷெட்டில காசு வாங்கிற டில்லில நிண்டன். அவன் லூயிஷாமில, சுவருக்குப் பூச்சுப் பூசுற வேலை. அவன்ர மனுசி கான்சரில போய் அப்ப நாலு வருசம். வீட்டில அவனும் மகளும் மட்டும். மகள் நேர்ஸ், இருபத்தி மூண்டு வயது. என்னை மாமா எண்டு கூப்பிடும்.

பேச்சுக்கு ஒரு கிழமை முன்னம் ரண்டு பஸ் மாறி அவன்ர வீட்டை போனன்.

"மச்சான், என்னைக் காப்பாத்து."

அவன் சிரிச்சுப்போட்டு ஒரு நீலக் கொப்பியை எடுத்துத் தந்தான். பாரிசில எழுதத் தொடங்கின கொப்பி. முன் மட்டையில சாந்து காய்ஞ்சு கிடந்தது.

"மூண்டு வகுப்பு எண்டு தொடங்கு. முதலாவது, கும்பிடுற ஆக்கள். ரண்டாவது, சண்டை பிடிக்கிற ஆக்கள், வாளும் குதிரையும் வைச்சிருந்த பிரபுமார். மூண்டாவது மிச்சம் எல்லாரும்."

"மிச்சம் எல்லாரும் எண்டா?"

"டொக்டர், வக்கீல், கடைக்காரன், கமக்காரன், சப்பாத்துத் தைக்கிறவன், பிச்சைக்காரன். நீயும் நானும்."

"டொக்டரும் பிச்சைக்காரனும் ஒரே வகுப்போ?"

"சட்டத்தில ஓம். மேல இருந்த ரண்டு வகுப்பும் அனேகமா வரி கட்டாது, மூண்டாவதுதான் கட்டும். ஆனா மூண்டாவதுக்குள்ளயும் டொக்டர் சப்பாத்துத் தைக்கிறவனுக்குப் பக்கத்தில இருக்கமாட்டான். அதை மறக்காமச் சொல்லு. அதுதான் விசயம்."

நான் அதைத்தான் மறந்தனான்.

பேந்து புதுச் சிந்தனைக்கு வந்தான். அந்தக் காலத்தில பாரிசில சில பணக்காரச் சீமாட்டியள் கிழமைக்கு ஒருக்கா எழுத்தாளர்மாரைத் தங்கட வீட்டு ஹோலுக்குக் கூப்பிடுவினமாம். பிறப்பால ஒருத்தரும் உயர்த்தி இல்லை, புத்திதான் பெரிசு எண்டு ஒருத்தர் வாசிப்பார். இருக்கிற பிரபுமார் கை தட்டுவினம்.

"கதிரையளுக்குப் பின்னால தட்டைப் பிடிச்சுக்கொண்டு ஒரு வேலைக்காரன் நிப்பான் மச்சான். அவனும் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் நிப்பான். அவனை இரு எண்டு ஒருத்தரும் சொன்னதா நான் வாசிக்கேல்ல."

"இதையும் சொல்லவோ?"

"சொல்லு. நல்லாச் சிரிப்பினம்."

இன்னொண்டும் சொன்னான். அந்தக் காலத்தில உலகத்து அறிவு முழுக்க ஒரு இடத்தில சேக்கவேணும் எண்டு பெரிய பெரிய புத்தகங்கள் போட்டவையாம். அதில ஒரு பக்கத்தை லைப்ரரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சிருந்ததை இவன் பாத்தவன். பூச்சு வேலைக்காரன்ர சாமான் எல்லாம் வரிசையாப் படம் கீறி இருந்ததாம்.

"என்ர சாந்துக் கரண்டி மச்சான்! ராசாவைப் பற்றி எழுதின அதே புத்தகத்தில என்ர கரண்டி! எவ்வளவு வடிவாக் கீறியிருந்தவங்கள் தெரியுமோ?"

அந்தப் பக்கத்தைப் பாத்த நேரம் அவன் பூச்சு வேலைக்காரன் இல்லை, பிளேட் கழுவினவன். ஊரில அவன்ர தகப்பன்தான் பூச்சு வேலை. இதை நான் அந்த நேரம் யோசிக்கேல்ல.

வெளிக்கிடேக்கைதான் அவன் மகளின்ர கதையை எடுத்தான். பூசையில பாட்டுப் பாடுற பெடியன் ஒராளும் இவளும் விருப்பமாம். பெடியன்ர தகப்பனை எல்லாருக்கும் தெரியும், வெம்பிளியில பலசரக்குக் கடை வைச்சிருக்கிறவர், ஹோல் கூட்டங்களுக்குத் தலைவர் மாதிரி முன்னால இருக்கிறவர். மாசி மாதம் முறையாப் பேச வீட்டை வாறதா இருந்தவர்.

"எங்களைப் பற்றி உன்னட்டத்தான் கேப்பினம். லண்டனில எங்கட ஊர் ஆள் நீ ஒருத்தன்தான். என்ன சொல்லுவாய்?"

"ஒரு சட்டியில சாப்பிட்ட ஆக்கள் எண்டு சொல்லுவன்," எண்டு நெஞ்சில கையை வைச்சுச் சொன்னன். எனக்கு நடிப்பு நல்லா வரும்.

மகள் எட்டிப் பாத்து, "மாமா, நல்லாப் பேசுங்கோ. அவையும் வருவினம், என்னை வெக்கப்படுத்திப்போடாதேங்கோ," எண்டு சிரிச்சுது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊரில சண்டை இறுகிக்கொண்டு போன நேரம். கூட்டாளியின்ர தங்கச்சி பிள்ளையளோட வன்னிக்குள்ள இருந்தவ, ரண்டு மாதமா ஒரு போன் கோலும் இல்லை. பூசையில எல்லாரும் முழங்காலில நிண்டு அழுதினம். அழுது முடிச்சு ஹோலுக்கு வந்து ரோல்ஸ் சாப்பிட்டம். மனுசர் அப்பிடித்தான், நானும் மூண்டு சாப்பிட்டன்.

நான் எழும்பினன். கொப்பியைப் பாத்து வாசிச்சா மரியாதை இல்லை எண்டு, மேசையில கிடந்த பட்டர் கேக்கை இழுத்து வைச்சு, கொண்டுபோன கத்தியை எடுத்தன்.

"இதுதான் பழைய பிரான்ஸ்!"

சனம் சிரிச்சுது. முதல் துண்டை வெட்டி பாதரிட்டக் குடுத்தன், "பாதர், நீங்கள் முதலாம் வகுப்பு." ரண்டாவதை வெம்பிளிக்காரரிட்ட, "அண்ணை, நீங்கள் பிரபு." ஹோல் அதிர்ந்துது. அந்தச் சிரிப்பில எனக்கு வெறி ஏறிப்போச்சு. முன் வரிசையில இருந்த எல்லாருக்கும் வெட்டி வெட்டிக் குடுத்தன். மூண்டாம் வகுப்புக்கு வர கேக் முடிஞ்சுபோச்சு. பின் வரிசையில இருந்தவைக்குத் தூள் மட்டும். அதுகும் தற்செயலாப் பொருத்தமா அமைஞ்சதால, "பாத்தியளோ, இதாலதான் புரட்சி வந்தது!" எண்டு முடிச்சன். கை தட்டல் நிக்க ஒரு நிமிசம் எடுத்துது. பிறப்பால ஒருத்தரும் உயர்த்தி இல்லை எண்டு அந்தக் காலத்தில சொன்னதைச் சொல்லேக்கை என்ர குரல் தழுதழுத்துது. நானே நம்பிப்போட்டன்.

கொப்பி ஆரின்ர எண்டு நான் சொல்லேல்ல. கொப்பிக்காரன் ஹோலுக்குள்ள இல்லை. பக்கத்துக் குசினியில தேத்தண்ணிக் கப் கழுவிக்கொண்டு நிண்டவன். தேத்தண்ணி ஊத்திறது, கதிரை அடுக்கிறது, கப் கழுவிறது எல்லாம் ஒவ்வொரு மாதமும் அவன்தான். ஒருத்தரும் செய்யச் சொன்னதில்லை. விடு எண்டும் ஒருத்தரும் சொன்னதில்லை. அவனுக்கு அது விருப்பம் எண்டு நான் நினைச்சிருந்தன்.

சனம் கலைய, வெம்பிளிக்காரர் என்ர தோளில கையைப் போட்டு குசினிக் கதவுப் பக்கமாக் கூட்டிக்கொண்டு போனார். மற்றக் கையில தேத்தண்ணி.

"அருமையாப் பேசினீர். நீர் படிச்ச மனுசன், உம்மட்டக் கேக்கலாம்."

படிச்ச மனுசன். அந்தச் சொல்லுக்கு நான் எதையும் குடுத்திருப்பன்.

"கேளுங்கோ அண்ணை."

"உம்மட கூட்டாளியின்ர பிள்ளையைத்தான் மகனுக்குப் பாக்கிறம். தங்கமான பிள்ளை. எனக்கு இதுகள் ஒண்டும் பெரிசில்லை, பாரும். மனுசி கேக்கிறா, அவவுக்காகத்தான்." குரலைக் குறைச்சார். "ஊரில அவை எந்தக் கோயில்?"

எங்கட ஊரில ரண்டு கோயில். கூப்பிடு தூரத்தில இருக்குது. ஒரே யேசு, ஒரே மாதா, ஒரே பூசை. பேந்து என்னத்துக்கு ரண்டு எண்டா, இன்ன சாதி இன்ன சாதியோட ஒரு வாங்கில, ஒரே பெஞ்சில முழங்காலில நிக்கக்கூடாது எண்டதுக்காக. பெரிய கோயில் எங்கட. சின்னக் கோயில் அவையின்ர. 'எங்கட', 'அவையின்ர' எண்டு எழுதேக்கை கை கூசுது. ஆனா அப்பிடிச் சொல்லித்தான் வளந்தனாங்கள். எங்கட ஆக்களிட்ட "எந்தக் கோயில்?" எண்டு கேட்டா அது கடவுளைப் பற்றின கேள்வி இல்லை.

எனக்கு வேற மறுமொழி எத்தனையோ இருந்தது. ஏன் அண்ணை கேக்கிறியள் எண்டு கேட்டிருக்கலாம். பாரிசில நாங்கள் ரண்டு பேரும் ஒரே கோயில் எண்டு சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. ஒரு சட்டியில சாப்பிட்ட ஆக்கள் எண்டு நெஞ்சில அடிச்சுச் சொன்ன வசனம் கையில ரெடியாக் கிடந்தது. டொக்டர் முழங்காலில சின்னச் சுத்தியலால தட்ட கால் தானா எழும்புமே, அப்பிடி என்ர வாய் எழும்பினது.

"சின்னக் கோயில்," எண்டன். அவரைப்போல நானும் குரலைக் குறைச்சுத்தான் சொன்னன்.

அவர் "ம்ம்" எண்டார். கையில இருந்த தேத்தண்ணியை ஒருக்காப் பாத்தார். குடிச்சு முடிச்சார் எண்டதையும் சொல்லவேணும், மரியாதையான மனுசன். கப்பைக் கொண்டுபோய் குசினியில என்ர கூட்டாளியின்ர கையிலேயே குடுத்து, "நல்ல தேத்தண்ணி," எண்டும் சொன்னார்.

பாரிசில முதல் வருசம் அம்மா ஊரில இருந்து கோல் எடுத்து, "ஆரோட மோனை இருக்கிறாய்? ஆக்கள் எப்பிடி?" எண்டு கேட்டவ. "எங்கட ஆக்கள்தான் அம்மா," எண்டு ஒரு செக்கன் யோசிக்காமப் பொய் சொன்னனான். இருபத்தி மூண்டு வயதில பெத்த தாய்க்கு வந்த பொய், நாப்பத்தெட்டு வயதில ஒரு பலசரக்குக் கடைக்காரருக்கு வரேல்ல. இடையில நான் வளந்திருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.

மாசியில வெம்பிளிக்காரர் வரேல்ல. மகன் இன்னும் மேல படிக்கப்போறானாம், இப்ப கலியாணம் வேண்டாமாம் எண்டு கோல் மட்டும் வந்ததாம். பெடியன் மூண்டு கிழமை வீட்டில சண்டை பிடிச்சவனாம். நாலாவது கிழமை தாய்க்கு நெஞ்சு நோ வந்ததாம். அதோட அவன்ர புரட்சி முடிஞ்சுது.

கூட்டாளி எனக்குக் கோல் எடுத்தான்.

"ஏன் எண்டு உனக்கு ஏதும் தெரியுமோ?"

"எனக்கு என்னத்தைத் தெரியும், மச்சான்? அவை பெரிய ஆக்கள், ஏதும் நினைச்சிருப்பினம்."

"சரி மச்சான்," எண்டு வைச்சிட்டான்.

சித்திரையில எல்லாரும் பார்லிமென்டுக்கு முன்னால போய் நிண்டம். நோர்பரியில இருந்து, லூயிஷாமில இருந்து, வெம்பிளியில இருந்து சனம் சனமா வந்து றோட்டில இருந்தது. நான் ஷிப்ட் முடிச்சுப் போவன். அவன் சாந்து உடுப்போடயே வருவான், தங்கச்சியின்ர படத்தைச் சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு. ஒவ்வொரு நாளும் எனக்குப் பக்கத்திலதான் வந்து நிப்பான். வெம்பிளிக்காரர் கடையில இருந்து தண்ணிப் போத்தல் பெட்டி பெட்டியாக் கொண்டுவந்து தன்ர கையால எல்லாருக்கும் குடுத்தார். இவனுக்கும் குடுத்தார். "குடியும் அண்ணை, தொண்டை காய்ஞ்சுபோச்சு உமக்கு." இவன் குடிச்சான். பேந்து மூண்டு பேரும் சேர்ந்து கத்தினம், எங்கட சனத்தைக் காப்பாத்துங்கோ எண்டு. எங்கட சனம் எண்டு சொல்லேக்கை என்ர குரல்தான் எல்லாத்திலும் பெரிசு. அண்டைக்குக் குறைச்ச குரலை அங்க கூட்டிக் கூட்டிக் கடன் தீத்தன் போல.

வைகாசியில தங்கச்சியின்ர செய்தி வந்தது. அவவும் ரண்டாவது பிள்ளையும். பதுங்கு குழி வாசலில எண்டு ஆரோ பாத்தவை சொன்னவை. அவ்வளவுதான் தெரியும், இண்டைவரைக்கும்.

முப்பத்தியோராம் நாள் பூசை இங்க லண்டன் கோயிலில வைச்சவை. வெம்பிளிக்காரர் முன் வாங்கில, இவனுக்குப் பக்கத்தில, தோளோடு தோள் முட்ட முழங்காலில நிண்டார். கண்ணால தண்ணி ஓடினது, பொய்க் கண்ணீர் இல்லை. பின்னால இருந்து அந்த ரண்டு முதுகையும் பாத்துக்கொண்டிருந்தன். இண்டைக்குச் சொல்லிப்போட வேணும் எண்டு முடிவெடுத்தன். அது அவனுக்காக எண்டு நினைச்சன்.

பூசை முடிஞ்சு லூயிஷாமுக்குப் போனன், அந்த நீலக் கொப்பியையும் கொண்டு. மட்டையில அவன்ர சாந்துக்குப் பக்கத்தில என்ர பட்டர் ஒரு வட்டமாப் பிடிச்சிருந்தது. வந்த சனம் எல்லாம் போய், அவன் குசினியில கப் கழுவிக்கொண்டு நிண்டான். மகள் முன் அறையில கதிரையளை ஒதுக்கிக்கொண்டிருந்தது. நான் துவாயை எடுத்து பாரிசில மாதிரி அவனுக்குப் பக்கத்தில நிண்டு துடைக்கத் தொடங்கினன்.

"மச்சான், அண்டைக்கு ஹோலில..."

"தெரியும்."

"என்னெண்டு?"

"நீங்கள் கதவடியில நிண்டு கதைச்சனீங்கள். நான் பைப்பை மூடிப்போட்டு கையைத் துடைச்சுக்கொண்டு நிண்டனான். அவர் கேட்டதும் விளங்கினது. நீ சொன்னதும் விளங்கினது." ஒரு கப்பைக் கழுவி என்னட்டத் தந்தான். "சத்தமாச் சொல்லியிருந்தியெண்டா எனக்கு அவ்வளவு நொந்திருக்காது. என்ர கோயில்தானே. நான் ஒருநாளும் மெல்லமாச் சொன்னதில்லை."

"தெரிஞ்சுகொண்டோ என்னட்டக் கோல் எடுத்துக் கேட்டனீ?"

"நீ சொல்லுவாய் எண்டு நினைச்சன்."

"இவ்வளவு மாதமாப் பக்கத்தில வந்து நிண்டியே மச்சான்."

"வேற ஆருக்குப் பக்கத்தில நிக்கிறது? என்ர தங்கச்சியைச் சின்னனில கண்ட ஆள் இந்த ஊரில நீ ஒருத்தன்தான்."

கொப்பியை மேசையில வைச்சன். அவன் பட்டர் வட்டத்தை விரலால ஒருக்காத் தடவிப் பாத்தான்.

"கேக் நல்லா இருந்ததோ?" எண்டு கேட்டான். "எனக்கு ஒரு துண்டும் வரேல்ல."

பேந்து, தேத்தண்ணி குடிக்கிறியோ எண்டு கேட்டான். வேண்டாம் எண்டன். வாசலில குனிஞ்சு சப்பாத்துக் கயிறைக் கட்டத் தொடங்கினன். தலைக்கு மேல மகள் வந்து நிண்டது தெரிஞ்சுது. எல்லாத்தையும் கேட்டிருக்கு. ஏதாவது சொல்லவேணும் எண்டு, "பிள்ளை, உங்கட அப்பா பெரிய மனுசன்," எண்டன்.

"அப்பா உங்களை மன்னிச்சிட்டார், மாமா. அவர் எல்லாரையும் மன்னிப்பார், அதுதான் அவற்ற பிரச்சினை. நான் மன்னிக்கேல்ல. ஷூவைப் போட்டிட்டு வெளியால போங்கோ."